ஒரு சொல்லுக்காக 27 ஆண்டுகள்



விளையாட்டைப் பற்றி வானொலியிற் பேச வருவோர் வெற்றி தோல்விகளைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நான் இன்று பேச எடுத்துக்கொண்ட ஆட்டத்துக்கு வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. அது ஆறு நிமிடங்களே நடந்தது. அதைக் கண்டு களிக்க வந்தவர்களுள் 97 பேர் உயிர் நீத்தனர். இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்திலே, ஹில்ஸ்பரோ என்னும் விளையாட்டரங்கிலே, 1989 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15 ஆம் திகதி சனிக்கிழமை நிகழ்ந்த துயரம் அது.

அத்துயரம் எவ்வாறு நேர்ந்தது என்று கூறுதல் எனது நோக்கத்தின் ஒரு பாதியே. இறந்தவர்களின் பெற்றோரும் உடன்பிறந்தாரும், அவர்களோடு தோளொடு தோள் நின்ற விளையாட்டு அன்பர்களும் அவர்களை எவ்வாறு நினைவுகூர்ந்தனர் என்பது மறுபாதி. அந்த நினைவுகூரல் மலர் சாத்துவதோடு முடிந்துவிடவில்லை. அரசாங்கப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்த ஒரு பிழையான சொல்லை நீக்கி, அவ்விடத்திலே சரியான சொல்லை எழுதுவிக்கும் வரை அது ஓயவில்லை. அதற்கு 27 ஆண்டுகள் சென்றன.

அன்று நடைபெறவிருந்தது இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கக் கிண்ணத்துக்கான அரையிறுதி ஆட்டம். லிவர்பூல் கழகமும் நொட்டிங்ஹாம் பொரெஸ்ட் கழகமும் எதிரெதிரே ஆடவிருந்தன. அரையிறுதியை இரு கழகங்களுக்கும் சொந்தமல்லாத பொது மைதானத்தில் நடத்துவது அக்கால வழக்கமாதலால், ஷெபீல்ட் வென்ஸ்டே கழகத்தின் மைதானமாகிய ஹில்ஸ்பரோ தெரிந்தெடுக்கப்பட்டது. முந்திய ஆண்டும் இதே கழகங்கள் இதே இடத்தில் அரையிறுதி ஆடியிருந்தன. ஆயின், அன்றைய பொலிஸ் ஏற்பாடுகளுக்குத் தலைமை தாங்கிய உயர் அதிகாரி அப்பதவியை ஏற்று மூன்று வாரங்களும் நிறையவில்லை.

அக்காலத்து ஆங்கில மைதானங்களின் அமைப்பை நேயர்கள் மனக்கண்ணிற் காணுதல் வேண்டும். கோல் கம்பங்களுக்குப் பின்னால், ஆசனங்களின்றி, நின்று பார்ப்பதற்கான படிமேடைகள் இருந்தன. ஆட்டத்தின் நடுவே கூட்டம் மைதானத்துள் இறங்கிக் குழப்பம் விளைவித்த நிகழ்ச்சிகள் பல நேர்ந்தமையால், படிமேடைக்கும் மைதானத்துக்கும் இடையே உயர்ந்த இரும்பு வேலிகள் எழுப்பப்பட்டன. ஹில்ஸ்பரோவில் லெப்பிங்ஸ் லேன் என்னும் வீதியை அடுத்த பக்கத்துப் படிமேடை, பக்கவாட்டு வேலிகளாலும் தனித்தனி அடைப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மந்தையை அடைக்கும் பட்டிக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல் வழங்குகிறதோ, அச்சொல்லாலேயே அவ்வடைப்புகளும் அழைக்கப்பட்டன. பார்க்க வந்தவர்களை விருந்தினராக எண்ணாது, அடக்கி வைக்க வேண்டிய கூட்டமாக எண்ணிய காலம் அது. 1981 ஆம் ஆண்டில் அதே படிமேடையில் நெரிசல் ஏற்பட்டு 38 பேர் காயமுற்றனர். அந்த எச்சரிக்கையிலிருந்து கற்க வேண்டியதை எவரும் கற்கவில்லை.

லெப்பிங்ஸ் லேன் படிமேடை லிவர்பூல் அன்பர்களுக்கு ஒதுக்கப்பட்டது. நின்று பார்ப்பதற்கு அனுமதிச் சீட்டுப் பெற்றவர்கள் 10,100 பேர். அவர்கள் உட்புகுவதற்கு இருந்தவை ஏழு சுழற்கதவுகள். ஒருவர் பின் ஒருவராகவே அவற்றினூடு செல்ல முடியும். பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்க வேண்டும். இரண்டரை மணியளவில் வாயிலின் முன்னே ஆயிரக்கணக்கானோர் நெருங்கி நின்றனர். ஆட்டத்தைச் சற்றுத் தாமதித்துத் தொடங்கியிருக்கலாம், அது செய்யப்படவில்லை.

கடிகாரத்தின் மூன்று நேரங்களை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். முதலாவது, இரண்டு மணி 52 நிமிடம். வெளியே உள்ள நெரிசலைக் குறைக்கும்பொருட்டுப் பெரிய வாயிற்கதவொன்றைத் திறக்குமாறு பொலிஸ் தலைமை அதிகாரி கட்டளையிட்டார். கதவு திறந்தது. ஏறத்தாழ 2,000 பேர் உள்ளே சென்றனர். அவர்களுக்கு நேர் எதிரே ஒரு சுரங்க வழி தெரிந்தது. அது நடுவிலுள்ள இரண்டு அடைப்புகளுக்குச் சரிவாக இறங்கிச் செல்வது. அவ்விரு அடைப்புகளும் ஏற்கெனவே நிறைந்திருந்தன. இரு பக்கத்து அடைப்புகளிலோ இடம் இருந்தது. சுரங்க வழியை அடைத்து, வருவோரைப் பக்கங்களுக்குத் திருப்பிவிட நாலு பேர் நின்றிருந்தாற் போதும். ஒருவரும் நிறுத்தப்படவில்லை. கதவைத் திறக்கச் சொன்னவர்கள், அக்கதவினூடு செல்வோர் எங்கே போய்ச் சேர்வர் என்று எண்ணிப் பார்க்கவில்லை. பின்னால் வந்தவர்கள் முன்னால் நடப்பதை அறியார். முன்னால் நின்றவர்கள் பின்வாங்க வழியறியார். முன்னே இரும்பு வேலி.

இரண்டாவது நேரம், மூன்று மணி ஆறு நிமிடம். பொலிஸ் அதிகாரி ஒருவர் மைதானத்துள் ஓடி நடுவரை நெருங்க, ஆட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் அடைப்பினுள் இரும்புத் தடுப்பொன்று முறிந்து, மனிதர் மேல் மனிதர் வீழ்ந்திருந்தனர். பலர் நின்ற நிலையிலேயே மூச்சடைத்து மாண்டனர். மேல்மாடத்தில் இருந்தவர்கள் கைகளை நீட்டிக் கீழே நின்றவர்களைத் தூக்கியெடுத்தனர். மைதானத்தைச் சுற்றியிருந்த விளம்பரப் பலகைகளை லிவர்பூல் இளைஞர்கள் பெயர்த்தெடுத்து, அவற்றையே காவுகட்டில்களாக்கி, மயங்கிக் கிடந்தோரைச் சுமந்து ஓடினர். வெளியே 40 க்கும் மேற்பட்ட அம்புலன்ஸ் வண்டிகள் வந்து நின்றன. மைதானத்துள் வந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. பொலிசாரில் ஒரு பகுதியினர் மைதானத்தின் குறுக்கே வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தனர். இரு பக்கத்து இரசிகரும் மோதிக்கொள்வர் என்ற எண்ணமே மேலதிகாரிகளின் மனத்தை அப்பொழுதும் ஆட்கொண்டிருந்தது.

அன்றைக்கே 94 பேர் இறந்தனர். நான்கு நாட்களின் பின்னர் 14 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். நினைவு திரும்பாமலே கிடந்த இளைஞர் ஒருவர் 1993 ஆம் ஆண்டில் இறந்தார். தீராத மூளைப் பாதிப்புடன் 32 ஆண்டுகள் வாழ்ந்த மற்றொருவர் 2021 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இறந்தார். இறந்தவர்களுள் மிக இளையவனுக்கு வயது 10. மிக மூத்தவருக்கு 67. மிகப் பலர் இருபது வயதையும் எட்டாதவர்கள். அக்காள் தங்கை இருவர், உடன்பிறந்த சகோதரர்கள், தந்தையும் மகனும் என ஒரே வீட்டிலிருந்து இருவரைப் பறிகொடுத்த குடும்பங்களும் உண்டு.

அன்று மாலை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் செய்தி கேட்ட பெற்றோர் ஷெபீல்டை நோக்கி விரைந்தனர். மைதானத்தின் உடற்பயிற்சி மண்டபம் பிணவறையாக மாற்றப்பட்டிருந்தது. இறந்தவர்களின் முகங்களைப் படம் பிடித்துப் பலகையில் ஒட்டியிருந்தனர். அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அவற்றுள் தம் பிள்ளையின் முகம் இருக்கிறதா என்று தேடுமாறு பெற்றோர் பணிக்கப்பட்டனர். முகத்தை அடையாளங் கண்ட மறுகணமே பொலிசார் கேள்விகளைத் தொடங்கினர். பிள்ளை மது அருந்தியிருந்தானா என்பதும் அவற்றுள் ஒன்று. இறந்த ஒவ்வொருவருடைய இரத்தமும், சிறுவர்களுடைய இரத்தம் உட்பட, மது உள்ளதா என்று சோதிக்கப்பட்டது. இறந்தவர்களே குற்றவாளிகள் என்னும் கதை அந்த இரவிலேயே உருவாகத் தொடங்கிவிட்டது.

அக்கதைக்கு வித்திட்டது ஒரு பொய். வாயிற்கதவைத் தாமே திறப்பித்த தலைமை அதிகாரி, இரசிகர்களே அதை உடைத்து உட்புகுந்தனர் என்று உதைபந்தாட்டச் சங்கத்தாரிடம் கூறினார். அது பொய்யென அவரே பின்னாளில் விசாரணையில் ஒப்புக்கொண்டார். ஆயினும், சொன்ன பொய் அன்று மாலையே உலகைச் சுற்றிவிட்டது. ஏப்ரல் 19 ஆம் திகதி 'தி சன்' என்னும் நாளிதழ், 'உண்மை' என்று பெரிய எழுத்தில் தலைப்பிட்டு முதற்பக்கத்திலே ஒரு செய்தி வெளியிட்டது. லிவர்பூல் அன்பர்கள் இறந்தோரின் பைகளிலிருந்து களவாடினர் என்றும், உயிர் காக்க முயன்ற பொலிசாரைத் தாக்கினர் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அவை யாவும் பொய். லிவர்பூல் நகரத்துக் கடைக்காரர் பலர் அப்பத்திரிகையை விற்க மறுத்தனர். மக்கள் வாங்க மறுத்தனர். அந்தப் புறக்கணிப்பு ஒரு தலைமுறை கடந்தும் நிலைத்தது.

அதே வாரத்தில் அன்பின் காட்சிகளும் இல்லாமற் போகவில்லை. லிவர்பூல் கழகத்தின் ஆன்பீல்ட் மைதானம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அவர்கள் கொண்டுவந்த மலர்கள் கோல் கம்பத்திலிருந்து பரவிப் பசும்புல்லை மூடின. அதே நகரத்தின் எதிர்க் கழகம் எவர்ட்டன். அக்காலத்தில் இரு கழகங்களின் மைதானங்களுக்கும் இடையே ஒரு பூங்கா இருந்தது. சிவப்பும் நீலமுமான கழுத்துச் சால்வைகளை ஒன்றோடொன்று முடிந்து, அப்பூங்காவின் குறுக்கே ஒரு மைதானத்திலிருந்து மற்றதற்கு எட்டும் வரை மக்கள் கட்டினர். இத்தாலியின் மிலான் நகரிலே பெரும் போட்டியொன்று நடந்துகொண்டிருந்த வேளை, ஆட்டம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. அங்கு கூடியிருந்த பல்லாயிரவர், லிவர்பூல் அன்பர்கள் தமக்கே உரியதாகப் பாடிவரும் பாடலை அவர்களுக்காகப் பாடினர். லிவர்பூலின் முகாமையாளர் கெனி டல்கிளிஷ் ஒரே நாளில் நான்கு இறுதிச் சடங்குகளுக்கும் சென்றதுண்டு.

நேயர்களே, மலர்கள் வாடிவிடும், சால்வைகளும் நைந்துவிடும். எழுத்தில் நின்ற பொய்யோ வாடுவதில்லை. இறந்தவன் கள்வன் என்று சொல்லப்பட்டால், அவன் வீட்டார் என் செய்வர்? இக்கேள்வி தமிழருக்குப் புதியதன்று. கோவலனைக் கள்வன் என்று கூறிக் கொன்ற பாண்டியன் அவையிலே சிலம்பேந்தி நின்றாள் கண்ணகி. போன உயிரை மீட்டுத் தரும்படி அவள் அரசனைக் கேட்கவில்லை. கள்வன் என்ற சொல் பொய்யென்று அவன் வாயால் ஒப்புக்கொள்ள வைத்தாள். அதற்கு அவளிடம் சிலம்பு இருந்தது. லிவர்பூல் நகரத்துத் தாய்மாரிடம் சிலம்பு இல்லை. அவர்கள் காகிதங்களைத் தேடிப் புறப்பட்டனர்.

தொடக்கத்தில் நீதி அண்மையில் இருப்பதாகவே தோன்றியது. அரசாங்கம் நியமித்த விசாரணையை நடத்திய நீதியரசர் டெய்லர், 1989 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே தமது இடைக்கால அறிக்கையை வெளியிட்டார். பொலிஸ் கட்டுப்பாடு தவறியமையே துயரத்தின் முதன்மைக் காரணம் என்று அவர் தெளிவாக எழுதினார். 1990 ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த அவரது இறுதி அறிக்கையின் பயனாக, பெரிய மைதானங்களில் வேலிகள் நீங்கின. நின்று பார்க்கும் படிமேடைகளுக்குப் பதிலாக ஆசனங்கள் வந்தன. இன்று அந்நாட்டில் ஒரு குழந்தை அச்சமின்றி அமர்ந்து ஆட்டம் பார்க்கிறதென்றால், அதற்கு ஹில்ஸ்பரோவில் மாண்டவர்கள் விலை கொடுத்துள்ளனர்.

ஆயின், மரண விசாரணை வேறு திசையிற் சென்றது. இங்கேதான் நமது கடிகாரத்தின் மூன்றாவது நேரம் வருகிறது: மூன்று மணி 15 நிமிடம். இறந்தவர்கள் அனைவரும் அந்நேரத்துக்குள் மீளமுடியாத பாதிப்பை அடைந்துவிட்டனர் என மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார். ஆகவே, அதன் பின் நடந்தவற்றைப் பற்றிய சாட்சியம் எதையும் ஜூரிமார் கேட்கவில்லை. வைத்திய உதவி ஏன் தாமதித்தது, அம்புலன்ஸ் வண்டிகள் ஏன் வெளியே நின்றன என்ற கேள்விகள் யாவும் அந்த ஒரு நிமிடக் கோட்டின் மறுபுறத்தில் விடப்பட்டன. 1991 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. இறந்த ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரேயும் எழுதப்பட்ட சொல், விபத்து.

அச்சொல்லை ஏற்க மறுத்தவர்களுள் ஒருவர் ஆன் வில்லியம்ஸ் என்னும் தாய். அவருடைய மகன் 15 வயதுப் பாடசாலை மாணவன். மூன்றேகால் மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டதென்று சட்டம் கூறிற்று. ஆயின், நான்கு மணியளவில் அச்சிறுவன் கண் விழித்து, அம்மா என்ற ஒரு சொல்லைக் கூறியதாக, அவனைத் தாங்கியிருந்த பெண் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் சாட்சி சொன்னதை அத்தாய் அறிந்தார். அவர் சட்டம் படித்தவர் அல்லர். பத்திரிகைக் கடையொன்றிற் பகுதிநேரம் வேலை பார்த்தவர். மகனின் கடைசி முக்கால் மணி நேரத்தை மீட்கும்பொருட்டு அவர் சாட்சிகளைத் தேடி வீடு வீடாகச் சென்றார். வைத்திய நிபுணர்களைக் கண்டார். சட்ட நூல்களைப் படித்தார். விசாரணையை மீளத் திறக்குமாறு சட்ட மாஅதிபருக்கு அவர் அனுப்பிய மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமோ, காலங் கடந்துவிட்டதென்று கைவிரித்தது.

ஒரு சொல்லுக்காக இத்தனை பாடா என்று சிலர் நினைக்கக் கூடும். நான் ஒரு பாடசாலை அதிபர். பதிவேடுகளோடு காலங் கழிப்பவன். எனது ஆசிரியப் பணியின் தொடக்கக் காலத்தில், வேறொருவர் சொன்னதை நம்பி, மாணவன் ஒருவனுடைய விடுகைப் பத்திரத்தில் நடத்தையைக் குறைத்து எழுதிவிட்டேன். அவனுடைய தாயார் மூன்று மாதங்களில் ஏழு முறை பஸ் ஏறி என்னிடம் வந்தார். “ஐயா, பொடியன் இனிப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்த ஒரு சொல் மட்டும் அதிலே இருக்கக் கூடாது” என்றார். ஏழாம் முறை வந்தபொழுது, நான் நம்பியவரே தமது தவறை ஒப்புக்கொண்டிருந்தார். சிவப்பு மையால் அதை வெட்டி, சரியானதை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அத்தாய் வேறொன்றும் கேட்கவில்லை. பத்திரத்தை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போய்விட்டார். உயிரோடிருந்த மகனுக்காக ஏழு முறை. இறந்த மகனுக்காக ஆன் வில்லியம்ஸ் நடந்த நடையை அந்த ஏழால் நான் அளந்து பார்க்கிறேன்.

அவர் தனித்து நிற்கவில்லை. துயருற்ற குடும்பங்கள் 1989 ஆம் ஆண்டிலேயே சங்கமாகக் கூடின. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 ஆம் திகதி ஆன்பீல்டில் நினைவு வழிபாடு நடந்தது. இறந்தவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. மூன்று மணி ஆறு நிமிடத்தில் மௌனம் நிலவியது. ஆட்ட நாட்களிலும் இரசிகர்கள் மறக்கவில்லை. 2007 ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த கிண்ணப் போட்டியொன்றின் முதல் ஆறு நிமிடங்களும் ஆயிரக்கணக்கானோர் நீதி என்ற ஒரே சொல்லை விடாது முழங்கினர். அன்று அந்த அடைப்புகளில் நின்று உயிர் தப்பியவர்கள் பலர். அருகில் நின்றவன் மாண்டான், நான் மீண்டேன் என்னும் நினைவு அவர்களை வாட்டியது. குடும்பங்களுக்குத் துணை நின்றது அவர்களுக்கும் மருந்தாயிற்று.

2009 ஆம் ஆண்டில், இருபதாம் ஆண்டு நினைவு நாளன்று, 30,000 க்கும் மேற்பட்டோர் ஆன்பீல்டில் திரண்டனர். அரசாங்கத்தின் சார்பில் பேச எழுந்தார் மந்திரி அண்டி பேர்ணம். அவரும் அப்பகுதியிற் பிறந்தவர். எவர்ட்டன் கழகத்தின் அன்பர். அவர் பேச்சை இடைமறித்து ஒரு குரல் நீதி கேட்டது. பின்னர் மைதானம் முழுவதும் ஒரே குரலாயிற்று. மந்திரி பேச்சை நிறுத்தித் தலைகுனிந்து கேட்டு நின்றார். மக்கள் குரலை அவமதிப்பாகக் கொள்ளாமல், மந்திரி சபைக்கு எடுத்துச் சென்றார். அதன் விளைவாக, லிவர்பூல் மறைமாவட்ட ஆயர் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையில் ஒரு சுதந்திரக் குழு அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 450,000 பக்க ஆவணங்களை அக்குழு ஆராய்ந்தது.

2012 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12 ஆம் திகதி அக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. பொலிசாரின் வாக்குமூலங்களில் 164 கணிசமாக மாற்றப்பட்டிருந்தன. அவற்றுள் 116 இல் பொலிசுக்குப் பாதகமான பகுதிகள் நீக்கவோ திருத்தவோ பட்டிருந்தன. மூன்றேகால் மணி என்ற எல்லைக்கோட்டுக்கும் ஆதாரமில்லை. தக்க உதவி காலத்திற் கிடைத்திருந்தால், இறந்தவர்களுள் 41 பேர் பிழைத்திருக்கக் கூடிய வாய்ப்பு இருந்தது. பிரதம மந்திரி டேவிட் கமரன் பாராளுமன்றத்தில் எழுந்து குடும்பங்களிடம் மன்னிப்புக் கோரினார். சில நாட்களின் பின் எவர்ட்டன் மைதானத்திலே, ஒரு சிறுமியும் ஒரு சிறுவனும் கைகோத்து நடந்து வந்தனர். ஒருவர் எவர்ட்டனின் நீலச் சட்டை, மற்றவர் லிவர்பூலின் சிவப்புச் சட்டை அணிந்திருந்தனர். ஒரு சட்டையில் ஒன்பது, மற்றதில் ஆறு. அன்றைய கணக்கு 96.

அவ்வாண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் பழைய தீர்ப்பை இரத்துச் செய்தது. ஆன் வில்லியம்ஸ் அதைக் காதாரக் கேட்டார். அப்பொழுது அவர் புற்றுநோயால் நலிந்திருந்தார். 2013 ஏப்ரல் 15 இல் சக்கர நாற்காலியில் அமர்ந்து நினைவு வழிபாட்டிற் கலந்துகொண்ட அவர், மூன்று நாட்களின் பின் காலமானார்.

புதிய மரண விசாரணை 2014 ஆம் ஆண்டு வொரிங்டன் நகரிலே தொடங்கியது. சாட்சியங்களுக்கு முன்னதாக, இறந்த ஒவ்வொருவரையும் பற்றி அவரவர் குடும்பத்தார் ஜூரிமாருக்கு எடுத்துரைத்தனர். மகன் எதைப் பார்த்துச் சிரிப்பான், மகள் என்ன படிக்க விரும்பினாள், தந்தை என்ன வேலை செய்தார் என்றெல்லாம் கூறினர். கால் நூற்றாண்டாகக் கூட்டம் என்றும், குடிகாரர் என்றும், இலக்கம் என்றும் அழைக்கப்பட்டவர்கள் அன்று ஒவ்வொருவராக மனிதராகி நீதிமன்றத்துள் வந்தனர். இரண்டு ஆண்டுகள் சாட்சியம் கேட்ட ஜூரிமார் 2016 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 26 ஆம் திகதி தீர்ப்பளித்தனர். இரசிகர்களின் நடத்தை எவ்வகையிலும் காரணமன்று என்றனர். விபத்து என்ற சொல் நின்ற இடத்தில், சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்று எழுதினர். வெளியே வந்த குடும்பத்தார் கைகோத்து நின்று தம் பாடலைப் பாடினர்.

கதை இங்கே முடிந்திருந்தால் மனத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆயினும் முழுமையையும் சொல்லுதல் கடமை. அன்றைய பொலிஸ் தலைமை அதிகாரி குற்றவியல் வழக்கில் 2019 ஆம் ஆண்டு விடுதலையானார். மைதானத்தின் பாதுகாப்பு விதியொன்றை மீறியதற்காகக் கழகத்தின் முன்னாட் செயலாளருக்கு 6,500 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. வாக்குமூலங்களை மாற்றியது பற்றிய வழக்கும் 2021 ஆம் ஆண்டில் வீழ்ந்தது. அவ்வாக்குமூலங்கள் அளிக்கப்பட்டது நீதிமன்றத்துக்கு அன்று, பொது விசாரணைக்கே என்பதால் அது குற்றமாகாது என்றார் நீதிபதி. 97 மரணங்களுக்காகச் சிறை சென்றவர் எவருமில்லை. அதனாலேயே குடும்பங்கள் மேலும் ஒன்றைக் கேட்டன. அரச உத்தியோகத்தர் விசாரணைகளில் உண்மையை மறைக்காது கூற வேண்டுமென்ற கடமையைச் சட்டமாக்க வேண்டும் என்றன. அதற்கான மசோதா 2025 ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. மக்கள் அதை ஹில்ஸ்பரோ சட்டம் என்றே அழைக்கின்றனர்.

தீர்ப்பு வந்த 2016 ஆம் ஆண்டோடு, ஆன்பீல்டில் நடந்துவந்த பெரிய பொது வழிபாட்டை நிறைவு செய்யக் குடும்பங்கள் தீர்மானித்தன. மறக்கும் எண்ணத்தால் அன்று. இனி அழுவதற்கு ஊரைக் கூட்ட வேண்டியதில்லை என்பதால். நினைவுச் சின்னத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 2021 ஆம் ஆண்டில் மற்றொருவர் இறந்து, அவரும் அன்றைய துயரத்தினாலேயே இறந்தார் என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தபொழுது, மைதானத்தின் பக்கத்தே 96 என்ற எண்ணாற் பெயர்பெற்றிருந்த வீதியின் பெயர் 97 என மாற்றப்பட்டது. கழகத்தின் சட்டையிற் பின்கழுத்தின் கீழே பொறித்த எண்ணும் மாற்றப்பட்டது. ஏறத்தாழ முப்பதாண்டுகளாக உலகம் உச்சரித்துப் பழகிய எண்ணை அவர்கள் ஒரு மனிதருக்காகத் திருத்தினர். தம்மவரைப் பற்றிப் பிறர் எழுதிய பிழையைத் திருத்தும்படி கேட்டவர்கள், தாம் எழுதிய கணக்கும் சரியாயிருக்க வேண்டும் என்பதில் தவறவில்லை.

எங்கள் பாடசாலையில் விளையாட்டுப் போட்டி நாளன்று, வாயிலருகே நின்று பிள்ளைகள் உள்ளே வருவதைப் பார்ப்பது எனது வழக்கம். அண்மைக் காலமாக, வாயிலைக் கடந்த பிள்ளைகள் எந்த வழியாற் போகிறார்கள், அங்கே இடம் இருக்கிறதா என்று பின்னாலே நடந்து சென்றும் பார்க்கிறேன். கதவைத் திறப்பவனுடைய பொறுப்பு கதவோடு முடிவதில்லை என்பதை ஹில்ஸ்பரோ எனக்குக் கற்பித்தது. பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே எதையும் எழுதுமுன், எழுதுகோலைச் சற்று நிறுத்தவும் அது கற்பித்தது.